சுவருக்குள் கொஞ்சம் கடல்

போன இதழில், “திருவான்மியூருக்கு ரெண்டு கடல். ஒன்று கிழக்கே இருக்கிறது, இன்னொன்று வீட்டுக்குள்ளேயே இருக்கிறது” என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். கடிதங்கள் கொட்டிவிட்டன. மூன்று பேர் கடிதத்தோடு கல்லையும் அனுப்பிவிட்டார்கள். கூரியர் தம்பி என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. ஆகவே இந்த வாரம் சினிமா, அரசியல், மாமியார்-மருமகள் எல்லாம் ஓரம். முழுக்க ஃபாசில்.

தினமும் காலையில் பீச்சில் நடக்கும்போது கிளிஞ்சல் பொறுக்குகிறேன். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று நிறைந்துவிட்டது. இவையெல்லாம் ஃபாசில்தானே?
– வாசகி, வால்மீகி நகர்

இல்லை அம்மா. இவை செத்துப்போனவை, அவ்வளவுதான். ஃபாசில் ஆக, செத்தால் மட்டும் போதாது. நண்டும் அலையும் உடைப்பதற்குள் சேற்றிலோ மணலிலோ புதைய வேண்டும். மேலே வண்டல் ஏறி அழுத்த வேண்டும். பெரும்பாலும் ஓட்டில் இருந்த தாது மெள்ளக் கரைந்து, அந்த இடத்தில் வேறு தாது வந்து உட்காரும். பத்தாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டதைத்தான் வழக்கமாக ஃபாசில் கணக்கில் சேர்ப்பார்கள். உங்கள் பாட்டிலில் இருப்பவை போன பருவமழையில் கரை ஏறியவையாக இருக்கும். இன்னும் 9,999 வருஷம் பத்திரமாக வைத்திருங்கள். ஒரு விஷயம்: பவளத் துண்டு கிடைத்தால் பாட்டிலில் போடாதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

எங்கள் ஃப்ளாட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, கிளிஞ்சல் கிளிஞ்சலாக வந்தது. அப்போதாவது ஃபாசில் என்று ஒப்புக்கொள்வீர்களா?
– குடியிருப்போர் சங்கத் தலைவர், காமராஜ் நகர்

பாதி ஒப்புக்கொள்கிறேன். நம் பேட்டை முழுக்கவே கடல் போட்ட மணல்மேட்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சுமார் 20,000 வருஷத்துக்கு முன்பு, பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகத் தண்ணீரில் ஒரு பெரும் பங்கு பனிக்கட்டியாக உறைந்துபோனது. கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இறங்கிவிட்டது. அன்றைக்கு நம் பீச்சிலிருந்து அலையில் கால் நனைக்கக் கிழக்கே வெகுதூரம் நடக்க வேண்டியிருந்திருக்கும். பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. ஆறேழாயிரம் வருஷத்துக்கு முன்பு ஏறக்குறைய இன்றைய மட்டத்துக்கு வந்து நின்றது. அதற்குப் பின் அலையும் காற்றும் அள்ளிப்போட்ட மணல்தான் நீங்கள் தோண்டியது. அதில் வந்த கிளிஞ்சல்களுக்குச் சில ஆயிரம் வயது இருக்கலாம். ஃபாசில் பதவிக்கு மனு போட்டிருக்கின்றன, ஆர்டர் இன்னும் கைக்கு வரவில்லை.

சரி, அந்த ரெண்டாவது கடல் எங்கேதான் இருக்கிறது? சஸ்பென்ஸ் போதும்.
– வாசகர், எல்.பி. ரோடு

உங்கள் சுவரில்.

சிமெண்ட் என்பது பெரும்பாலும் சுட்ட சுண்ணாம்புக்கல். தமிழ்நாட்டில் சுண்ணாம்புக்கல் என்றால் முதலில் வாயில் வரும் ஊர் அரியலூர். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் என்பது கடலடியில் சிப்பியும் சங்கும் பவளமும் பாசியும் மடிந்து மடிந்து அடுக்கடுக்காகச் சேர்ந்தது. கல்லங்குறிச்சி என்றால் பக்தர்களுக்குக் கலியுக வரதராசப் பெருமாள். புவியியல்காரர்களுக்குச் சிப்பி. அந்தப் பக்கத்துச் சுரங்கங்களில் உள்ளங்கை அளவுக் கனத்த சிப்பிகள், ஓட்டோடு ஓடு ஒட்டிக்கொண்டு, சுவர் மாதிரி அடுக்கி நிற்கின்றன. சுமார் ஏழு கோடி வருஷத்துச் சரக்கு.

அங்கே கடல் எப்படி வந்தது என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கூட்டுக் குடும்பம். பிறகு பாகப்பிரிவினை நடந்தது. பிரியும்போது கிழக்குக் கரையோரம் நிலம் விரிசல் விட்டுப் பள்ளமானது. காவிரிப் படுகை அப்படி உண்டானதுதான். துருவங்களில் பெரிய பனிப்பாறை இல்லாத வெப்பமான காலம் என்பதால் உலகம் முழுக்கவே கடல்மட்டம் ஏறியிருந்தது. பள்ளம் கிடைத்ததும் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. வாடகைக்கு வந்தவர் மாதிரி, போவதும் வருவதுமாக நாலு கோடி வருஷத்துக்கு மேல் காலி செய்யவே இல்லை.

சுவரைச் சுரண்டிப் பார்த்தால் சிப்பி தெரியுமா?
– ஏழாம் வகுப்பு மாணவன், பெரியார் நகர்

தெரியாது. வீட்டு ஓனருக்குத்தான் தெரியும். சுண்ணாம்புக்கல்லை மாவாக அரைத்து, சூளையில் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அந்தச் சூட்டில் எந்தச் சிப்பிக்கும் முகம் மிஞ்சாது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோதான் கையில் நிற்கும். மீதி 44 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். ஏழு கோடி வருஷத்துக்கு முன்பு அந்தச் சிப்பி தண்ணீரிலிருந்து பிடித்து ஓட்டுக்குள் பூட்டிவைத்த கார்பன் அது. நாம் பூட்டை உடைத்து வெளியே விட்டுவிட்டு, வெயில் ஏறிப்போச்சே என்று ஏசி வாங்குகிறோம்.

பூட்டுக் கணக்கு இன்னும் கொஞ்சம்: உலைக்கசடும் சாம்பலும் கலக்காத 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்குச் சுமார் 70 கிலோ சுண்ணாம்புக்கல் போகிறது. உங்கள் அப்பாவிடம் வீடு கட்ட எத்தனை மூட்டை ஆச்சு என்று கேட்டுப் பெருக்கிப் பார். ஆனால் அவர் கடன் தவணை கட்டும் நாளில் கேட்காதே.

உங்கள் ஃபாசிலுக்கும் தமிழக அரசியலுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? (மடக்கிவிட்டேனா?)
– பழைய கட்சிக்காரர், ரங்கநாதபுரம்

மடங்கவில்லை. 1953 ஜூலையில் மு. கருணாநிதி ரயில் தண்டவாளத்தில் படுத்தது எந்த ஊரில்? டால்மியாபுரம் என்ற பெயரை எடுத்துவிட்டுக் கல்லக்குடி என்று வை என்பதுதானே போராட்டம்? அந்த ஊருக்கு டால்மியா ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்தச் சுண்ணாம்புக்கல், பத்துக் கோடி வருஷத்துக்கும் முந்தைய பவளத்திட்டும் கடல்பாசியும் சேர்ந்து உருவானது. ஆக, பவளத்திட்டு இல்லாவிட்டால் ஆலை இல்லை, ஆலை இல்லாவிட்டால் டால்மியாபுரம் இல்லை, டால்மியாபுரம் இல்லாவிட்டால் ‘கல்லக்குடி கொண்ட’ பட்டமும் இல்லை. பெயரிலேயே கல் வைத்த ஊர் தன் கல்லின் வயதைத் தெரிந்துகொள்ளாமலேயே சண்டை போட்டு ஜெயித்தது.

எங்கள் பூஜை அலமாரியில் மாமனார் காலத்துச் சாளக்கிராமம் இருக்கிறது. நியூஜெர்சியிலிருந்து வந்த பேரன், “பாட்டி, இது ஃபாசில்” என்கிறான். அவன் சொல்வது சரியா? இனிமேல் திருமஞ்சனம் செய்யலாமா கூடாதா?
– எழுபத்தாறு வயது வாசகி, கலாக்ஷேத்ரா காலனி

பேரன் சொல்வது சரி. நீங்கள் செய்வதும் சரி. இரண்டுக்கும் சண்டையே இல்லை.

நேபாளத்தில் முக்திநாத் பக்கம் காளி கண்டகி ஓடுகிறது. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்றாக நீங்கள் சேவிக்கும் திருச்சாளக்கிராமம் அதுதான். இமயமலை எழும்புவதற்கு முன்பு அங்கே இருந்தது டெத்திஸ் என்ற கடல். அதில் அம்மோனைட் என்று ஓர் உயிரினம் நீந்திக்கொண்டிருந்தது. கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு, ஆனால் முதுகில் சுருள் ஓடு. செத்து, கறுப்புச் சேற்றில் புதைந்து, சுற்றிலும் சேறு இறுகி உருண்டையானது. சுமார் ஐந்து கோடி வருஷத்துக்கு முன்பு இந்தியா ஆசியாவில் போய் முட்டியதில் கடலின் தரையே மலையாக எழுந்தது. ஆறு அந்த மலையை அறுத்து உருண்டைகளை உருட்டிவிட்டது. உங்கள் சாளக்கிராமம் ஏறத்தாழ 15 கோடி வருஷத்துப் பழையது.

டார்ச் எடுத்து அந்தத் துவாரத்துக்குள் அடித்துப் பாருங்கள். சக்கரம் என்று நீங்கள் சொல்லும் சுருளில் குறுக்கே வரிவரியாக மேடு தெரியும். உள்ளே நெருக்கமாக ஆரம்பித்து, வெளியே வர வர அகலும். பிராணி வளர வளர ஓடும் வளர்ந்ததன் கணக்கு அது. நம் வீட்டில் குழந்தையின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைப்போமே, அதே மாதிரி. பல சாளக்கிராமங்களில் ஓடு கரைந்துபோய் அதன் அச்சு மட்டும்தான் இருக்கும். பயப்படாதீர்கள், அச்சும் ஃபாசில்தான். கோடுகள் எல்லாம் ஒரே இடைவெளியில், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி இருந்தால் மட்டும் விற்றவர் மேல் சந்தேகப்படுங்கள். உங்களுடையது மாமனார் காலத்தது, அந்தக் கவலை வேண்டாம். இங்கிலாந்தில் விட்பி என்ற ஊரில் இதே அம்மோனைட்டைக் கல்லாகச் சமைந்த பாம்பு என்று நம்பினார்கள். தலை இல்லையே என்று பார்த்து, தலை செதுக்கி விற்றார்கள். நம் ஆட்கள் சக்கரம் என்று பார்த்து அபிஷேகம் செய்தார்கள். என்னைக் கேட்டால் நம் ஆட்கள் பார்வைக்கே என் ஓட்டு.

பேரனிடம் ஒன்று சொல்லுங்கள்: கடலில் பிறந்தவருக்குத் தினமும் தண்ணீர் காட்டுவதில் எந்தத் தப்பும் இல்லை. உடைத்துப் பார்க்கிறேன் என்றால் மட்டும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வையுங்கள்.

மருந்தீஸ்வரர் கோயில் தூணில் ஃபாசில் உண்டா?
– வாசகர், தெற்கு மாட வீதி

கிடையாது. கோயில் தூண்களைத் தடவித் தேட வேண்டாம், அர்ச்சகர் தப்பாக நினைப்பார். கிரானைட் வகைக் கல் எல்லாம் பூமிக்கு அடியில் கொதித்தும் வெந்தும் வந்தவை. அந்தச் சூட்டில் எந்த உயிரின் தடமும் நிற்காது. பரங்கிமலை, பல்லாவரத்துக் கறுங்கல்லுக்குச் சுமார் 250 கோடி வயது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறைக்குப் போட்ட கல் இதே இனம் என்று கண்டு, 1893-ல் தாமஸ் ஹாலண்ட் ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்தார். நம்மூர்க் கல்லுக்குக் கல்கத்தாக்காரர் பெயர். கல்லக்குடிக்காரர்களிடம் சொன்னால் இன்னொரு போராட்டம் நடக்கும்.

சமையல் மேடை கடப்பா கல். அதில்?
– இல்லத்தரசி, இந்திரா நகர்

அது சுண்ணாம்புக்கல்தான். எலுமிச்சம்பழச் சாறு சிந்தினால் அந்த இடம் வெளுத்துப் போகிறதே, காரணம் அதுதான். ஆனால் சிப்பி தேடாதீர்கள். கடப்பா, கர்னூல் பக்கத்து இந்தப் பாறைகள், ஓடு என்ற சமாசாரத்தையே எந்த உயிரும் கண்டுபிடிப்பதற்கு முந்தியவை. அந்தக் கடலில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான். கடப்பாப் பகுதிப் பாறைகளில் அவை படலம் படலமாகக் கட்டிய அடுக்குகள் இருக்கின்றன. உங்கள் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் இருப்பது சிப்பியைவிட மூத்த பெரியவர். புளித்தண்ணி சிந்தாமல் மரியாதையாக நடத்துங்கள்.

நீங்கள் கண்ணால் பார்த்தது உண்டா, இல்லை எல்லாம் புத்தகக் கதைதானா?
– சந்தேகப் பேர்வழி, கொட்டிவாக்கம்

தி.நகரில் ஒரு நகைக்கடை. அக்கா பெண் கல்யாணத்துக்குத் திருமாங்கல்யம் பார்க்கப் பெண்கள் மாடிக்குப் போய்விட்டார்கள். எனக்கு வழக்கம்போல வாசல் பக்கத்து நாற்காலி. தரை மஞ்சள் கல். ஜெய்சால்மர் கல் என்று பார்த்ததும் தெரிந்தது, தேன்கலந்த பால் நிறம். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தவன் அப்படியே நின்றுவிட்டேன். என் கால் பெருவிரலுக்குப் பக்கத்தில், பத்து ரூபாய்க் காசு அளவுக்கு, ஒரு வெள்ளைச் சுருள். கல்லோடு சேர்த்து அறுத்துப் பாலீஷ் போட்டதில் நத்தையின் உள் அறைகள் குறுக்குவெட்டாகத் தெரிந்தன. பக்கத்திலேயே பிறை பிறையாகச் சிப்பி ஓடுகளின் வெட்டு. ராஜஸ்தான் பாலைவனம், டைனோசர் காலத்தில் கடல்.

மண்டி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவனிடம் செக்யூரிட்டி ஓடிவந்தார். “என்ன சார், திருகாணி விழுந்துடுச்சா?”

“இல்லைப்பா, இது விழுந்து பதினாறு கோடி வருஷம் ஆச்சு.”

மனிதர் என்னை வெளியே அனுப்புவார் என்று நினைத்தேன். அவரும் குனிந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “ஆமா சார், நத்தை” என்றார். கல்யாணம் முடிந்து தாலியில் குண்டு கோர்க்க மறுபடி போனபோது, என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் லிஃப்ட் வாசலில் இன்னும் ரெண்டு காட்டினார். தானே தேடிக் கண்டுபிடித்தவை. ஆறு வருஷமாக அந்தத் தரையில்தான் நிற்கிறாராம்.

எங்கள் வீட்டு வாசல் கல்லில் அச்சு அசலாக ஒரு செடி. கிளை, இலை எல்லாம் தெரிகிறது. இது கண்டிப்பாக ஃபாசில்.
– வாசகர், பாலவாக்கம்

கண்டிப்பாக இல்லை. கல்லின் விரிசலுக்குள் நீர் புகுந்து, அதிலிருந்த மாங்கனீசு கிளை கிளையாகப் படிந்திருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூ போடும் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வார்களே, அந்த ஜாதி. இலைக்கு நரம்பு இருக்கும், இதற்கு இருக்காது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

நாங்கள் போட்டது இத்தாலியன் மார்பிள் மாதிரி டைல்ஸ். அதில் சங்கு தெரிகிறதே!
– புது ஃப்ளாட்வாசி, ராஜீவ் காந்தி சாலை

நாலு டைல் தள்ளி அதே சங்கு அதே இடத்தில் மறுபடி வருகிறதா? வந்தால் அது அச்சு இயந்திரம் போட்ட முட்டை.

கோலமாவு, சாக்பீஸ், பெட்ரோல். இவற்றில்?
– அவசரக்காரர், திருவான்மியூர் பஸ் டெப்போ

கோலமாவு: வெங்கச்சங்கல் பொடி என்றால் இல்லை. சாக்பீஸ்: ஐரோப்பாவில் இயற்கையாகக் கிடைக்கும் சாக் முழுக்க நுண்ணிய கடல் உயிர்களின் ஓடு. ‘கிரெட்டேசியஸ்’ என்ற காலப் பெயரே சாக்குக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பள்ளிக்கூட சாக்பீஸ் ஜிப்சத்தில் செய்தது, ஏமாறாதீர்கள். பெட்ரோல்: பெரும்பாலும் பழங்காலக் கடலின் மிதவை உயிர்கள். டைனோசர் இல்லை. பஸ் வந்துவிட்டது, ஏறுங்கள்.

பெரம்பலூரில் டைனோசர் முட்டை கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் வந்ததே, என்ன ஆச்சு?
– வாசகி, அடையாறு

2020 அக்டோபர். குன்னத்தில் தூர்வாரும்போது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த தமிழ்நாடு மொத்தமும் ஃபார்வர்டு செய்தது. புவியியல் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது உங்கள் கலாக்ஷேத்ரா காலனிச் சிநேகிதி பூஜை அறையில் வைத்திருப்பதன் தூரத்துச் சொந்தம். இந்தச் செய்தியை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை. எனக்கு இதில் வருத்தமே: டைனோசர் முட்டை இல்லை என்றதும் எல்லாருக்கும் சப்பென்று ஆகிவிட்டது. பெரம்பலூர் ஏரியில் கடல் பிராணி என்பது சின்னச் செய்தியா?

அரியலூரில் உண்மையான டைனோசர் முட்டைகளும் கிடைத்திருக்கின்றன, 2009-ல், செந்துறைப் பக்கம். ஆனால் அதற்காகப் பார்க்கிற உருண்டையை எல்லாம் அவயத்துக்கு வைக்கக் கூடாது.

அரியலூரில் கடல் இருந்தது என்றால் குமரிக்கண்டம் உண்மை என்று ஆகிறதல்லவா?
– தமிழார்வலர், பெசன்ட் நகர்

ஆகாது ஐயா. அந்தக் கடல் கொண்டது சிப்பியையும் சுறாவையும். முதற்சங்கத்தை அல்ல. நம் மனித இனத்துக்கே வயது சுமார் மூன்று லட்சம்தான். ஏழு கோடிக்கும் மூன்று லட்சத்துக்கும் நடுவில் எத்தனை சைபர் என்று எண்ணிப் பாருங்கள். பெருமைதான் வேண்டும் என்றால் வேறு இருக்கிறது: கடல் கடந்து கடாரம் கொண்ட ராஜேந்திரன் தலைநகர் வைத்த கங்கைகொண்ட சோழபுரம் இன்றைக்கு அதே அரியலூர் மாவட்டத்தில்தான். கப்பல் விட்டவருக்குத் தன் நாட்டுக்குள்ளேயே ஒரு பழைய கடல் படுத்திருந்தது தெரியாது.

இதையெல்லாம் முதலில் கண்டுபிடித்தது யார்? வெள்ளைக்காரன்தானே?
– கல்லூரி மாணவி, தரமணி

எழுதிவைத்தது அவர்கள். அந்தக் கற்களைக் காலால் எத்தி விளையாடியது நம் பிள்ளைகள். 1840-களில் கே, கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பக்கங்களில் கல் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்ட் வந்து பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தார். பாடாலூர் பக்கத்து ஊட்டத்தூர் என்ற நம்மூர்ப் பெயர் உலகப் புவியியல் புத்தகங்களில் ஏறிவிட்டது.

என் அபிமானம் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. செக் நாட்டுப் பகுதியில் பிறந்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். தென்னிந்தியக் கிரெட்டேசியஸ் உயிரினங்களைப் பற்றி 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும் தடித்தடியான தொகுதிகளாக, படம் போட்டு, எழுதித் தள்ளினார். நம் சிப்பி, சங்கு, அம்மோனைட் ஒவ்வொன்றுக்கும் அவர் அளவு எடுத்திருக்கிறார், நகைக்கடைக்காரர் வளையலுக்கு அளவு எடுக்கிற மாதிரி. 1874-ல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில், லடாக்கில், உயரம் ஒத்துக்கொள்ளாமல் இறந்தார். வயது 36. லேயில் நினைவுத்தூண் இருக்கிறது. ஆயுசு முழுக்கக் கடல் பிராணி பார்த்தவர், கடலே இல்லாத மலையில் போய்ச் சேர்ந்தார். ஆனால் அந்த மலையும் முன்னாள் கடல்தான்.

இந்தியர் பெயர் வேண்டும் என்றால் எம்.எஸ். கிருஷ்ணன். 1940-ல் பெரம்பலூர் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரத்தை உலகுக்குச் சொன்னவர். பின்னால் அதே புவியியல் ஆய்வுத் துறைக்கு முதல் இந்திய இயக்குநரானார். அந்த மரம் கரையில் வளர்ந்து, அடித்துக்கொண்டு போய்க் கடலில் புதைந்தது. பக்கத்துப் பாறையில் எல்லாம் கடல் சிப்பிகள்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு எங்கே போகலாம்?
– அரசு ஊழியர், நீலாங்கரை

அரை நாள் என்றால் கிண்டி சிறுவர் பூங்கா. அங்கே சுமார் ரெண்டு கோடி வருஷத்துக் கல்மரத் துண்டு நிற்கிறது. நாம் அதைத் தாண்டித்தான் மானைப் பார்க்க ஓடினோம். அல்லது எழும்பூர் மியூசியத்தில் புவியியல் பகுதி. 1851-ல் அந்த மியூசியம் தொடங்கியதே சுமார் 1,100 கல் மாதிரிகளோடுதான். இன்றைக்கு எல்லாரும் வெண்கல நடராஜரைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுகிறோம்.

முழு நாள் என்றால் திண்டிவனம் வழியாகத் திருவக்கரை. வக்கிராசுரனைப் பெருமாள் வதம் செய்தபோது விழுந்த எலும்புகள் என்று ஊர்க்காரர்கள் காட்டுபவை கல்லான மரங்கள். ரெண்டு நாள் என்றால் அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகம், சாத்தனூர், அப்படியே காரை. காரையில் புல் முளைக்காத செம்மண் மேடுகள், ஓடை அரித்த வெடிப்புகள். மழைக்கு மறுநாள் போனால் துப்பாக்கித் தோட்டா மாதிரி கல் கிடக்கும். பெலம்னைட் என்று கணவாயின் ஒன்றுவிட்ட பாட்டன். அங்கே மீன்பல்லி இனத்தின் பற்களும் கிடைத்திருக்கின்றன. தொப்பி, தண்ணீர், பிஸ்கட் எடுத்துப் போங்கள். நிழல் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்பே போய்விட்டது.

கிடைத்தால் வீட்டுக்கு எடுத்து வரலாமா?
– அதே அரசு ஊழியர் (வாட்ஸ்அப்பில்)

பூங்காவிலும் சுரங்கத்திலும் கூடாது, கேட்கவே வேண்டாம். மற்ற இடத்தில் என்ன என்றால், புதைபடிவங்களுக்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இன்னும் சரியாக அமையவில்லை. 2022-ல் ஒரு மசோதா வரைவு வெளியிட்டார்கள். சட்டம் இல்லை என்பதற்காகச் சுத்தியலோடு போக வேண்டாம்.

ஏன் என்று ஒரு கதை. கல்லமேட்டில், அரியலூருக்குக் கிழக்கே, 1980-களில் ஒரு ராட்சச டைனோசரின் எலும்புகள் கிடைத்தன. கீழ்க்கால் எலும்பு மட்டும் ரெண்டு மீட்டர். ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். பெரிய உடம்புக்காரன் என்று சமஸ்கிருதத்தில். உலகத்திலேயே பெரிய பிராணிகளில் ஒன்றோ என்று இன்றைக்கும் விவாதம். ஆனால் எலும்பு உப்பி உதிரும் ரகம், பாதுகாக்க முடியாமல் பொடிந்தே போய்விட்டது. மிச்சம் சில வரைபடங்களும் புகைப்படங்களும்தான். அந்த விவாதம் முடியவே முடியாது, காட்ட எலும்பு இல்லை.

ஆலைகளையும் நான் திட்டமாட்டேன். அவர்கள் தோண்டாவிட்டால் பாதிக்கு மேல் நமக்குத் தெரிந்தே இருக்காது, நானும் அவர்கள் சிமெண்டில் கட்டிய மூன்றாம் மாடியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். ஆனால் சூளைக்குப் போகும் லாரிக்கு முன்னால் ஒரு மாணவன் நின்று பார்க்க அரைமணி நேரம் விடுங்கள் என்று மட்டும் கேட்பேன்.

மூன்று பேர் கல் அனுப்பினார்கள் என்றீர்களே, முடிவு என்ன?
– அந்த மூவரில் ஒருவர்

முதல் கல்: நல்ல தரமான ஜல்லி. கான்கிரீட்டுக்கு ஆகும்.

ரெண்டாவது: செங்கல் சூளையில் உருகிக் கெட்டியான கட்டி. அனுப்பியவர் டைனோசர் மூளை என்று எழுதியிருந்தார். பத்திரமாக வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்ளலாம்.

மூன்றாவதைப் பிரித்ததும் எழுந்து விளக்கு வெளிச்சத்துக்குப் போனேன். கனத்த, வளைந்த, சாம்பல் நிறச் சிப்பி. ஓட்டில் வெங்காயச் சருகு மாதிரி அடுக்குகள். ஓர் ஓரத்தில் இன்னும் சுண்ணாம்பு மண் ஒட்டியிருக்கிறது. சந்தேகமே இல்லை, அசல் ஃபாசில். ஆனால் கூடவே இருந்த சீட்டில், “ஐயா, இது என்ன?” என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. ஊர் இல்லை, பெயர் இல்லை. கல்லுக்கு ஊர் தெரியாவிட்டால் எந்த அடுக்கு, எந்தக் கடல், எத்தனை கோடி என்று எதுவும் சொல்ல முடியாது. வீட்டில் பேப்பர் வெயிட்டாக வைக்கலாம், அவ்வளவுதான்.

அனுப்பியவருக்கு: எங்கே எடுத்தீர்கள் என்று ஒரு போஸ்ட்கார்டு போடுங்கள். மற்றவர்களுக்கு: அடுத்த முறை கல்லை அனுப்பாதீர்கள். கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்துப் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு அனுப்புங்கள்.